அரே பழக: பிரவுசர் கன்சோலா, நோட் ஃபைலா?

ஜாவாஸ்கிரிப்டில் அரே (பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல்) பழக எஃப்12 தட்டி, வரியை அடித்ததுமே விடை காட்டும் குரோம் கன்சோலில் நேராக அடிக்கலாம். பிரவுசர் இல்லாமலே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ் (Node.js) நிறுவி, ஃபைலில் எழுதி டெர்மினலில் ஓட்டியும் பார்க்கலாம். வேகத்தில் கன்சோலை மிஞ்ச ஆளில்லை. லேப் கம்ப்யூட்டரில் எதையும் நிறுவ விடமாட்டார்கள் என்றால் வேறு வழியும் இல்லை. ஆனாலும் என் ஓட்டு ஃபைலுக்குத்தான்.

புஷ் (கடைசியில் சேர்ப்பது), பாப் (கடைசியை எடுப்பது), ஷிஃப்ட் (முதலாவதை எடுப்பது), ஸ்ப்ளைஸ் (இடையில் நீக்குவது, சேர்ப்பது), சார்ட் (அடுக்குவது), ரிவர்ஸ் (தலைகீழாக்குவது) எல்லாம் மூல அரேயையே மாற்றிவிடும். மாறியதைக் கன்சோல் அப்படியே வைத்துக்கொண்டிருக்கும். சிக்கலே அங்கேதான். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போவோம்:

வழி = ['அஸ்தம்பட்டி', 'கோரிமேடு', 'அடிவாரம்', 'ஏற்காடு']

(மாறிக்குத் தமிழில் பெயர் வைத்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் ஏற்கும்.)

இடங்களை 0-இலிருந்து எண்ணுவார்கள். 1-ஆம் இடத்திலிருந்து ஒன்றை நீக்க வழி.splice(1, 1) கொடுத்தால் கன்சோல் காட்டுவது ['கோரிமேடு']. அது நீக்கப்பட்டது, மிச்சமிருப்பது அல்ல. குழம்பிப்போய் மேல் அம்புக்குறியைத் தட்டி அதே வரியை மறுபடி ஓட்டினால் அடிவாரமும் போய்விடும். புஷ்ஷும் இப்படித்தான்: அரேயைக் காட்டாமல் புதிய நீளத்தை மட்டும் திருப்பித் தரும்.

இன்னொரு பொறி, மதிப்பைத் திரையில் காட்டச் சொல்லும் கன்சோல்.லாக். சார்ட்டுக்கு முன்பே லாக் செய்திருந்தாலும், பிறகு அந்த வரியில் உள்ள முக்கோணத்தைத் தட்டி விரித்தால் அடுக்கி முடித்த வரிசைதான் தெரியும். விரிக்கும் நேரத்து நிலையைத்தான் குரோம் படிக்கிறது. [...வழி] என்று நகலெடுத்து லாக் செய்தால் தப்பலாம். நோட்டில் இந்த வம்பு இல்லை. லாக் ஓடிய நொடியில் இருந்தது எழுத்தாக அச்சாகிவிடும். ஒவ்வொரு ஓட்டமும் முதல் வரியிலிருந்து தொடங்கும்.

சில தவறுகளுக்கு இடம் ஒரு பொருட்டல்ல. மாம்பழ விலை [80, 120, 95] என்பதை வெறும் சார்ட்டில் போட்டால் இரண்டிலும் 120, 80, 95 என்றே வரும், எண்களை எழுத்தாக ஒப்பிடுவதால். எண்ணாக ஒப்பிட சார்ட்டின் அடைப்புக்குள் (அ, ஆ) => அ - ஆ சேர்க்க வேண்டும். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை அரேயில் அடுக்கினால் கடைசி வளைவு 19-இல் இருக்கும். 20-ஐக் கேட்டால் பிழை வராது, அன்டிஃபைன்ட் (மதிப்பு இல்லை) வரும். பிழையே வந்திருந்தால் தேவலை.

நோட்டிலும் குறை உண்டு. 100 உறுப்புகளுக்கு மேல் லாக் காட்டாது. அரேக்குள் அரே ஆழமாகப் போனால் [அரே] என்று சுருக்கிவிடும், லாக்குக்குப் பதில் கன்சோல்.டிர் (console.dir) எழுதி, டெப்த் (depth) என்ற ஆழ அளவை நல் (null) ஆக்கினால் முழுதும் விரியும். மூலத்தைத் தொடாமல் அடுக்கும் டூசார்ட்டட் வேண்டுமென்றால் நோட் 20 அல்லது அதற்கு மேல் தேவை. நோட் 22 போட்டால் --வாட்ச்சும் (--watch) நிலையான அம்சமாகக் கிடைக்கும். ஃபைலைச் சேமித்ததுமே தானாக ஓடும், கன்சோலின் வேகத்துக்கு அது ஓரளவு ஈடு.

ஸ்லைஸ், மேப், ஃபில்டர் மட்டும் பழகும் நாளில் கன்சோலே போதும். அவை தாமாக மூல அரேயை மாற்றுவதில்லை. ஸ்ப்ளைஸுக்கு வந்ததும் ஃபைலுக்கு மாறுங்கள். கன்சோலை விட மனமில்லை என்றால் ஒவ்வொரு முயற்சிக்கு முன்பும் எஃப்5 தட்டி, அரேயைப் புதிதாக எழுதித் தொடங்குங்கள்.