ஒரே வழக்கு, ஒரே வீடு: ‘ஆடம்ஸ் ரிப்’ படத்தை வன்னியில் திரையிடுவோருக்கு

‘ஆடம்ஸ் ரிப்’ படத்தில் ஒரு தொப்பி வருகிறது. ஆடம் தன் மனைவி அமண்டாவுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்த தொப்பி. கணவனைச் சுட்ட வழக்கு நடக்கும்போது பார்த்தால் அது எதிரியான, அதாவது குற்றம் சாட்டப்பட்ட, டோரிசின் தலையில் இருக்கிறது. தீர்ப்புச் சொல்லும் யூரிமாரின் கண்ணுக்கு டோரிஸ் அடக்கமான குடும்பப் பெண்ணாகத் தெரியட்டும் என்று அவளுக்காக வாதாடும் அமண்டா கொடுத்துவிட்டாள். அரச தரப்பில் வழக்கை நடத்துபவன் ஆடம். வீட்டுக்குள் கிடந்த அன்பு இப்படி நீதிமன்றத்துக்குச் சாமானாகப் போவதுதான் படத்தின் உண்மையான சண்டை.

1949இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், 101 நிமிடம். இயக்கம் ஜோர்ஜ் கூக்கர். ஸ்பென்சர் ட்ரேசியும் கத்தரின் ஹெப்பர்னும் சட்டத்தரணித் தம்பதியாக வருகிறார்கள். திரைக்கதை எழுதிய ரூத் கோர்டனும் கார்சன் கானினும் நிஜத்திலேயே கணவன் மனைவி. அதனால்தான் வீட்டுப் பேச்சு அவ்வளவு இயல்பாக விழுகிறது.

கதை சுருக்கமானது. வேறொருத்தியோடு இருந்த கணவனைப் பின்தொடர்ந்துபோய் டோரிஸ் சுடுகிறாள். அவன் காயத்தோடு தப்புகிறான். ஆண் ஒருவன் இதைச் செய்திருந்தால் ஊர் இரங்கியிருக்கும், பெண்ணுக்கு ஏன் வேறு தராசு என்று கேட்டு அமண்டா எதிரிக்காக வாதாடுகிறாள். மூவரையும் பால் மாற்றிக் கற்பனை செய்யுங்கள் என்று அவள் யூரிமாரைக் கேட்க, திரையிலேயே டோரிஸ் ஆணாகவும் அவள் கணவன் பெண்ணாகவும் மாறித் தெரிகிறார்கள். ஆங்கிலம் புரியாதவருக்கும் அந்த ஒரு காட்சி வாதம் முழுவதையும் சொல்லிவிடும்.

சிறையில் அமண்டா டோரிசைச் சந்திக்கும் காட்சியை அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். கமரா அசையாமல் நிற்கிறது, வெட்டே இல்லை. ஹெப்பர்ன் தன்னைப் பின்னுக்கு வைத்துக்கொண்டு, டோரிசாக வரும் ஜூடி ஹொலிடேக்கு முழு இடத்தையும் விட்டுக்கொடுக்கிறார். சுட்ட நாளில் என்ன சாப்பிட்டாள் என்பது வரை டோரிஸ் வரிசையாகச் சொல்லும்போது சிரிப்பு வருகிறது, அடுத்த கணம் தொண்டை அடைக்கிறது.

துணுக்காயில் கணவனுக்கும் ஒட்டுசுட்டானில் மனைவிக்கும் ஆசிரியர் வேலை கிடைத்து, இருவரும் உழைக்கும் வீடுகளுக்கு இந்தப் படம் அந்நியமாக இராது. ஆடமும் அமண்டாவும் தங்கள் பண்ணைக்கான ஈட்டைக் கட்டி முடிப்பது படத்தில் பெரிய விடயம். ‘சட்டத்தின் முன் இருவரும் சமம்’ என்று அமண்டா சொல்லும்போது இங்குள்ள பெண்களுக்குக் காணி உறுதிதான் நினைவுக்கு வரும். வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரிலுள்ள காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். கணவன் இருக்குமிடமே தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி எடுக்க வேண்டும். வன்னியில் அந்த நிலையில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை. படம் முடிந்த பின் பேச விடயம் தேட வேண்டியிராது.

திரையிடும்போது வழக்கமாகப் பிழைப்பது படத்தின் அளவு. பழைய படம் ஏறக்குறைய நாலுக்கு மூன்று என்ற அளவில் எடுக்கப்பட்டது. இன்றைய அகலத் தொலைக்காட்சி அதை இழுத்து நிரப்பும், முகங்கள் பருத்துப்போகும். அமைப்பில் நாலுக்கு மூன்று என்று மாற்றி, இரு பக்கமும் கறுப்பாக இருக்க விடுங்கள். சனசமூக நிலையத்தில் புரொஜெக்டரில் போடுவதானால் இருட்டிய பிறகு, ஆறரைக்குப் பின் தொடங்குங்கள். கறுப்பு வெள்ளைக்கு வெளிச்சம் பெரும் பகை. மடிக்கணினியின் ஒலி போதாது, தனி ஸ்பீக்கர் வேண்டும். கணவனும் மனைவியும் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து பேசுவதால் திரையின் அடியில் ஆங்கில எழுத்துகள் வேகமாக ஓடும். ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்க்கப் போனால் சிரிப்பு செத்துவிடும். வழக்கின் நிலவரத்தைத் தொடக்கத்தில் இரண்டு நிமிடமும் இடைவேளையில் இரண்டு நிமிடமும் சொன்னால் போதும். இடைவேளையை ஆடம் அமண்டாவுக்கு உடம்பு பிடித்துவிடும் காட்சி முடிந்ததும் விடலாம். நீதிமன்றக் கோபம் வீட்டுக்குள் கைநீட்டலாக மாறுவது அங்கேதான்.

துப்பாக்கியைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தொடக்கத்தில் உண்மையான சூடு. பின்னால் ஆடம் நீட்டுவது அதிமதுர இனிப்பில் செய்த பொய்த் துப்பாக்கி. கடைசியில் அவன் அதைக் கடித்துத் தின்கிறான். அமெரிக்கக் கொட்டகைக்கு அது வேடிக்கை. யுத்தத்தைக் கண்ட சபையில் அந்தச் சில விநாடிகள் வேடிக்கையாக இரா.

குறை இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டுக்காரன் கிப் அளவுக்கு மேல் வருகிறான், அவனுடைய பகிடிகள் பழசாகிவிட்டன. உடம்பு பிடிக்கும்போது விழும் அடியைப் படம் எளிதாக மன்னித்துவிடுகிறது. ஒரு பெண் ஆடமை நீதிமன்றத்தில் அலாக்காகத் தூக்கும் இடம் சிரிப்புக்காக மட்டுமே. அமண்டாவின் வாதத்துக்கு அதனால் பலம் சேரவில்லை.

கணக்காளரின் அறையில் ஆடம் அழ, இருவரும் சமாதானமாவதைப் பார்த்துப் படம் முடிந்தது என்று பலர் எழும்பிவிடுவார்கள். லைட் போடாதீர்கள். பண்ணை வீட்டில் இன்னொரு காட்சி இருக்கிறது. குடியரசுக் கட்சி தன்னை நீதிபதிப் பதவிக்கு நிறுத்தப்போகிறது என்கிறான் ஆடம். ஜனநாயகக் கட்சி தன் ஆளைத் தெரிவுசெய்துவிட்டதா என்று அமண்டா மெதுவாகக் கேட்கிறாள்.