ரத்தினக்கல் நெயில் ஆர்ட் கிட்: காந்தத்துக்காக வாங்கலாம், ஓபலுக்காக வேண்டாம்

நகத்தை ரத்தினக்கல் போலக் காட்டும் இந்தக் கிட்டின் பெட்டி மூடியில் ஏழு கற்களின் படம் போட்டிருக்கிறார்கள்: புலிக்கண், சந்திரகாந்தம், லாபிஸ் லசூலி, மலக்கைட், டர்க்காய்ஸ், ரோஸ் குவார்ட்ஸ், ஓபல். முதல் நான்கும் வீட்டில் உட்கார்ந்து போட்டால் நிஜமாகவே வருகின்றன. டர்க்காய்ஸும் ரோஸ் குவார்ட்ஸும் பரவாயில்லை ரகம். ஓபல் வராது, இந்தப் பெட்டியில் இருப்பதை வைத்து யார் போட்டாலும் வராது. இவ்வளவு தெரிந்தால் போதும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் கூடவே தந்திருக்கும் செய்முறைத் தாளை நம்பிப் போட்டால் வர வேண்டிய நான்கும்கூட வராது.

உள்ளே இருப்பவை: பேஸ் கோட், டாப் கோட், பழுப்பும் வெள்ளியுமாக இரண்டு கேட் ஐ ஜெல், மேலே விடும் நிறத்தைத் தானாகப் பரவ வைக்கும் ஒரு ப்ளூமிங் ஜெல், ஏழெட்டு நிற ஜெல்கள், இரண்டு முனைக் காந்தம், மெல்லிய லைனர் பிரஷ், புள்ளி வைக்கும் குச்சி, தங்க ஃபாயில், ஓபல் செதில்கள், ஒட்டும் கற்கள், ஜெல்லை இறுக வைக்கும் கையடக்க எல்இடி விளக்கு, பிறகு கழற்றுவதற்குக் கிளிப்புகளும் ஒரு சுரண்டியும். பார்க்க நிறைய. உபயோகத்துக்கு வருவது இதில் பாதிதான். அந்த ஒட்டும் கற்களை எடுத்துத் தூர வைத்துவிடுங்கள், நகத்தையே கல்லாக மாற்றப் பார்க்கும்போது அதன் மேல் பிளாஸ்டிக் கல் எதற்கு?

காந்தத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன், கொடுத்த காசுக்கு நியாயம் செய்வது அதுதான். கேட் ஐ ஜெல்லில் காந்தத்துக்கு இழுபடும் நுண்ணிய துகள்கள் கலந்திருக்கும். காந்தப்புலம் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசைக்கு அவை திரும்பிக்கொள்ளும். தட்டையாகப் படுத்த இடத்தில் ஒளி பட்டுத் திரும்பி வரும், நிமிர்ந்து நின்ற இடம் இருட்டாகத் தெரியும். அதனால்தான் நகத்தின் குறுக்கே ஒரு ஒளிக்கோடு விழுகிறது, கையை அசைத்தால் அதுவும் அசைகிறது. நிஜப் புலிக்கண்ணிலும் கதை ஏறக்குறைய இதேதான், அங்கே கல்லுக்குள் இணையாக ஓடும் நார் போன்ற அமைப்பு அந்த வேலையைச் செய்கிறது. வைடூரியத்தில் தெரியும் கோடும் இந்த ரகம்தான். ஆக இது கல்லைப் பார்த்து வரைந்த படம் இல்லை, கல் செய்கிற வேலையையே நகமும் செய்கிறது. மற்ற ஆறு கற்களைவிட இது நம்பும்படி இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

புலிக்கண் போடும் முறை: முதலில் கருப்பு, மெல்லிசாக ஒரு கோட், விளக்கில் காட்டி இறுக விடுங்கள். அடுத்து கேட் ஐ பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து நன்றாக உருட்டுங்கள், துகள்கள் அடியில் போய் உட்கார்ந்திருக்கும். ஒரு மெல்லிய கோட் போட்டு, காந்தம் காட்டாமலே இறுக விடுங்கள். அதன் மேல் கொஞ்சம் தாராளமாக இரண்டாவது கோட். இப்போது காந்தத்தின் நீள முனையை நகத்துக்கு மேலே, தொடாமல், ஓர் அரிசி நுழையும் இடைவெளியில் சாய்வாகப் பிடியுங்கள். முதலில் ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும். அப்புறம் மங்கலாக ஒரு பட்டை தெரியும், பத்து விநாடிக்குள் அது ஒடுங்கிக் கூர்மையான கோடாகிவிடும். அந்த நொடியிலேயே விளக்குக்குள் விரலை விட்டுவிட வேண்டும். செய்முறைத் தாளில் ஐந்து நகத்துக்கும் பூசிவிட்டுக் காந்தம் காட்டச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் ஐந்தாவது விரலுக்குப் போவதற்குள் முதல் விரலின் கோடு கலைந்து பரவியிருக்கும். இறுகாத ஜெல்லில் துகள்கள் சும்மா இருக்காது. எனவே ஒரு நகம், ஒரு காந்தம், உடனே விளக்கு.

சந்திரகாந்தம் இதன் தங்கச்சி. கருப்புக்குப் பதில் வெள்ளை ஜெல்லில் டாப் கோட் கலந்து பால் போல் நீர்த்து அடியில் பூசுங்கள், மேலே வெள்ளி கேட் ஐ. இதற்குக் கோடு வேண்டாம், உள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு படலமாக ஒளி வேண்டும். நிஜக் கல்லில் மிக மெல்லிய ஃபெல்ட்ஸ்பார் அடுக்குகளில் ஒளி சிதறுவதால் அந்த மங்கலான நீல வெண்மை வருகிறது, கூர்மையான கோடு இருந்தால் கல்லே மாறிவிடும். காந்தத்தை மேலே பிடிக்காமல் நகத்தின் பக்கவாட்டில் ஒவ்வொரு பக்கமாகக் காட்டிக்கொண்டே வந்தால் துகள்கள் ஒரே கோடாகச் சேராமல் வெல்வெட் மாதிரி பரவி நிற்கும். அலுவலகத்துக்கும் போட்டுக்கொண்டு போகக்கூடிய அளவு அடக்கமானது, என் தேர்வு இதுதான்.

லாபிஸ் லசூலி எளிது, கெடுப்பதும் எளிது. அடர் நீலம் இரண்டு மெல்லிய கோட், மேலே தங்கப் பொட்டுகள். கல்லில் அந்தத் தங்கம் உண்மையில் பைரைட் என்ற பொன்னிறக் கனிமத்தின் துணுக்குகள், கண்ணுக்குத் தெரிகிற அளவே இருக்கும், ஒரு இடத்தில் கூட்டமாக, மற்ற இடத்தில் ஒன்றுமே இல்லாமல். கிட்டில் இருக்கும் ஃபாயில் பெரிது பெரிதாக இருக்கிறது, அப்படியே ஒட்டினால் மிட்டாய்த் தாள் போலத் தெரியும். ட்வீஸரில் பிடித்துக் கிழித்து, துகளாக்கி, மூலையில் தூவுங்கள். ஒரு பக்கமாக வெள்ளையை லேசாக இழுத்துவிட்டால் கல்லில் ஓடும் கால்சைட் கீற்று போல அமையும், அதுவும் எல்லா விரலிலும் வேண்டாம்.

மலக்கைட்டுக்குத் தாள் சொல்வது அபத்தம். நகத்தின் நடுவில் புள்ளி வைத்து, சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக வட்டம் போடச் சொல்கிறார்கள், வருவது அம்பு எய்யும் பலகை. மலக்கைட் ஒரு தாமிரக் கனிமம், அடுக்கடுக்காகப் படிந்து வளர்வதால்தான் அந்த வளையங்கள், வெட்டிய துண்டில் எப்போதும் முழு வட்டம் கிடைக்காது. அதனால் வட்டத்தின் மையத்தை நகத்துக்கு வெளியே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நகத்தின் ஓரத்திலிருந்து வளைந்து வெட்டுப்பட்ட பட்டைகளாகப் போடுங்கள், ஒன்று தடிமன், அடுத்தது நூல் மாதிரி, பிறகு கிட்டத்தட்ட கருப்பாக ஒன்று. கிட்டில் பச்சை இரண்டுதான் இருக்கிறது. அதில் ஒன்றில் வெள்ளை, மற்றொன்றில் துளி கருப்பு சேர்த்து நான்காக்கிக்கொள்ள வேண்டும். பட்டைகள் ஈரமாக இருக்கும்போதே சுத்தமான லைனர் பிரஷ்ஷால் வளைவோடு ஒருமுறை, ஒரே முறை, இழுங்கள். இரண்டாவது இழுப்பில் எல்லாம் கலந்து பாசி பிடித்த மாதிரி ஆகிவிடும். லைனர் பிரஷ் நல்ல தரம், அதைக் குறை சொல்ல முடியாது.

டர்க்காய்ஸுக்கு நரம்புக்கோடுகள்தான் எல்லாம். வெறும் கருப்பில் போட்டால் விரிசல் விட்ட ஓடு போல இருக்கிறது, பழுப்பு கலந்தால் சரியாகிறது. பிரஷ்ஷின் வால் பக்கமாகப் பிடித்து நடுங்க விட்டால் கோடு இயல்பாக வரும். ரோஸ் குவார்ட்ஸுக்கு ப்ளூமிங் ஜெல், அதன் மேல் வெளிர் ரோஜா நிறத்தில் இரண்டு சொட்டு. பரவ ஆரம்பித்ததும் விளக்கில் காட்டிவிடுங்கள், இந்த ப்ளூமிங் ஜெல் ரொம்பத் தண்ணீராக இருப்பதால் கொஞ்சம் தாமதித்தாலும் வெறும் ரோஜா நிற நகம்தான் மிஞ்சும்.

சரி, ஓபல். நிஜ ஓபலுக்குள் ஒரே அளவுள்ள மிக நுண்ணிய சிலிக்கா கோளங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன, ஒளி அவற்றில் பட்டுப் பிரிவதால்தான் கோணம் மாற மாற நிறம் மாறுகிறது. பெட்டியில் தந்திருப்பது வானவில் நிறப் பிளாஸ்டிக் செதில்கள். வெள்ளை மேல் தூவினால் ஜிகினா ஒட்டியது போல இருக்கிறது. ஒளி ஊடுருவுகிற பால் நிற ஜெல்லில் இரண்டு மூன்று அடுக்குகளாக, அடுக்குக்கு அடுக்கு செதில் புதைத்தால் ஓரளவு ஆழம் கிடைக்கும், ஆனால் அந்த ஊடுருவும் ஜெல்லே இதில் இல்லை. வெள்ளையை டாப் கோட்டில் நீர்த்தும் பார்த்தேன், சந்திரகாந்தத்துக்குப் போதுமான அந்தக் கலவை இதற்குப் போதவில்லை, செதில்களின் விளிம்பு அப்படியே தெரிகிறது. மூடியில் ஓபல் படத்தைப் போடாமலாவது இருந்திருக்கலாம்.

விளக்கைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இருக்கிறது. ஒரு விரல்தான் நுழையும், அதுவும் ஒளி மேலிருந்து மட்டும்தான் விழுகிறது, கட்டைவிரலின் ஓரங்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. கருப்பும் அடர் நீலமும் கொஞ்சம் கெட்டியாகப் பூசினால் மேல்பகுதி இறுகி, அடியில் ஈரமாகவே நின்று சுருங்கிவிடுகிறது. இது அழகுக் குறைபாடு மட்டும் என்று விட்டுவிட முடியாது. முழுதாக இறுகாத ஜெல் தோலில் படப் பட அதிலுள்ள அக்ரிலேட் வகை வேதிப்பொருட்களுக்கு ஒவ்வாமை வரலாம், ஒருமுறை வந்தால் பெரும்பாலும் போகாது, பிற்காலத்தில் பல் வைத்தியத்துக்குப் பயன்படும் சில பொருட்கள்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆகவே மெல்லிய கோட்களாகப் போடுங்கள், நகத்தைச் சுற்றிய தோலில் பட்டதை விளக்கில் காட்டும் முன்பே துடைத்துவிடுங்கள். ஒவ்வாமையில் அதிகம் அடிபடும் பெயர் ஹெமா (HEMA), அந்த வகைப் பொருட்களில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020-ல் கொண்டுவந்த விதிப்படி ஹெமா உள்ள நகப் பூச்சுகளில் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று அச்சிட வேண்டும். விளக்கொளியில் ஜெல்லை இறுக வைக்கச் சேர்க்கும் டிபிஓ (TPO) என்ற இன்னொரு பொருள் 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே அழகுசாதனப் பொருட்களில் மொத்தமாகத் தடை. இந்தக் கிட்டின் பாட்டில்களில் டிபிஓ இல்லை, ஹெமா இருக்கிறது, அதையும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில்தான் போட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே ஜெல் போட்டு விரல் நுனியில் அரிப்பு வந்தவர்கள் இதைத் தொடவே வேண்டாம். விளக்கு தேவைப்படாத சாதாரண காந்த நெயில் பாலிஷ் தனியாகக் கிடைக்கிறது, கோடு இவ்வளவு கூர்மையாக வராது, ஆனால் புலிக்கண் என்று பார்த்ததுமே தெரியும்.

கழற்றுவது கடைசி எரிச்சல். கிளிப்புகள் தளர்வு, பஞ்சு நழுவிக்கொண்டே இருக்கிறது. மேல் பூச்சின் பளபளப்பை முதலில் அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து அலுமினியத் தாளால் இறுக்கிச் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் ஜெல் தானாகத் தூக்கிக்கொள்ளும். கேட் ஐ இருக்கும் நகத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஆகிறது, தூக்காவிட்டால் மறுபடி சுற்றி வையுங்கள். கூட வருகிற இரும்புச் சுரண்டியின் முனை நகத்தில் கீறல் போடுகிறது, அதற்குப் பதில் மரக்குச்சி போதும்.