வேலியோரப் பாத்திக்கு எது: வைல்ட் டாகாவா, அகபாந்தஸா, ஸ்ட்ரெலிட்சியாவா?

காட்டேஜ் கார்டன் என்று இங்கிலாந்துப் புத்தகத்தில் வரும் படத்தைப் பார்த்து டெல்ஃபினியம், ஃபாக்ஸ்கிளவ், ஹாலிஹாக் என்று வாங்கி வருகிறவர்களிடம் ஒரே கேள்வி: கோடை கொளுத்துகிற ஜனவரி மாதம் நம் தென்னாப்பிரிக்க டர்பனில் துணி காயப்போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அந்தப் புழுக்கத்தில் ஹாலிஹாக் இலையெல்லாம் துரு நோய் பிடித்து அடியிலிருந்தே உதிரும். டெல்ஃபினியத்துக்கு நம்முடைய குளிர்காலம் ஒரு குளிர்காலமே இல்லை. ஆனால் அந்தப் படத்தில் நமக்குப் பிடித்தது செடியின் பெயரா என்ன? பின்னால் ஆளுயரத்துக்கு நிற்பது, முன்னால் இடுப்பளவு, நெருக்கமாக, கொஞ்சம் தாறுமாறாக இருக்கிற அந்த அழகுதான். அதை இந்த மண்ணின் செடிகளை வைத்தே கொண்டுவரலாம், அதுவும் கால்வாசி வேலையில்.

என் கணக்கில் வேலை வைக்காத செடி என்றால் குச்சி நட்டுக் கட்டக் கூடாது, குளிர்கால ஜூலையில் தண்ணீர் கேட்கக் கூடாது, வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கத்தரியை எடுக்க வைக்கக் கூடாது. டர்பனில் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி கோடையில் கொட்டிவிடும், குளிர்காலம் காய்ந்து கிடக்கும். அந்தத் தாளத்துக்குப் பழகிய செடிதான் நமக்கு வேண்டும்.

முதலில் வைல்ட் டாகா. டாகா என்றால் இங்கே கஞ்சா, ஆனால் பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், கஞ்சாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இது துளசி, தும்பையின் குடும்பம். சரியான வெயிலில் 2 மீட்டர், சில இடத்தில் அதற்கும் மேலே போகும். ஏப்ரல் வாக்கில், மற்றதெல்லாம் ஓய்கிற நேரத்தில், இது ஆரம்பிக்கும்: நேர்க்குச்சியாக நிற்கிற தண்டில் அடுக்கடுக்காக, ஒவ்வொரு கணுவிலும் தண்டைச் சுற்றி ஒரு வளையமாக, வெல்வெட் மாதிரி ரோமம் போர்த்திய ஆரஞ்சுக் குழல் பூக்கள். தேன்சிட்டு வந்து தண்டைப் பிடித்துக்கொண்டு ஒரு வளையத்தைச் சுற்றி முடித்துவிட்டு மேல் வளையத்துக்கு ஏறும். பூ உதிர்ந்தபின் அந்த வளையங்கள் முள்ளுருண்டைகளாகக் காய்ந்து தண்டிலேயே நிற்கும். சிலருக்கு அது குப்பை, எனக்கு அதுவும் அழகுதான். விதை போட்டால் மளமளவென்று வளரும், தண்டு வெட்டி வைத்தாலும் வேர்விடும், யாராவது பக்கத்து வீட்டில் வைத்திருந்தால் காசே செலவில்லை.

குறை இல்லாமல் இல்லை. நிழலில் வைத்தால் வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக நீண்டு, முதல் காற்றிலேயே சாயும். ஆகஸ்டில் தரையிலிருந்து ஒரு சாணுக்கு விட்டு மொத்தமாக வெட்ட வேண்டும். மனசு வராது, ஆனாலும் வெட்டித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் கீழே வெறும் கட்டை, மேலே மட்டும் நாலு பூ. வருஷத்துக்கு அந்த ஒரு வேலைதான். வெள்ளைப் பூ வேண்டுமென்றால் ஹாரிஸ்மித் ஒயிட் என்று ஒரு வகை இருக்கிறது. ஆரஞ்சைக் கண்டாலே கண் கூசுகிறது என்பவர்களுக்கு அது.

அகபாந்தஸைப் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை, சாலையோரம், ரவுண்டபவுட், பள்ளிக்கூட வாசல் எங்கும் அதுதான். அதனாலேயே இளக்காரம். இதே செடியை இங்கிலாந்தில் பலர் தொட்டியில் வைத்துக் குளிருக்கு உள்ளே தூக்கி வைக்கிறார்கள், ஆக்லாந்தில் இது அடக்க முடியாத களை. நம்மூரில் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நீலமும் வெள்ளையுமாகப் பந்து பந்தாகப் பூக்கும். பூத்தண்டு 1 மீட்டர் வரும், குச்சி கேட்காது. இலை வருஷம் முழுக்கப் பச்சை. வைல்ட் டாகாவோடு போட்டி என்றால் உயரத்தில் இது தோற்கும், ஆனால் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி மாதிரி வீட்டுக்குப் பின்னாலேயே மண் சரிவு இருக்கிற யார்டில் இதுதான் முதல். அந்தச் சதைப்பற்றான வேர் பின்னிப் பின்னி மேல்மண்ணைப் பிடித்துக்கொள்ளும். 2022 ஏப்ரல் மாதிரி மழை வந்தால் எந்தச் செடியும் மலையைத் தாங்காது, அதற்குத் தடுப்புச் சுவர்தான் கட்ட வேண்டும். நான் சொல்வது சாதாரண மழையில் மண் கரைந்து வாசலுக்கு வருவதை.

இதன் தலைவலி புழு. அகபாந்தஸ் போரர் என்கிறார்கள், ஒரு அந்துப்பூச்சியின் குஞ்சு, கேப் டவுன் பக்கத் தோட்டங்களைப் பாடாய்ப் படுத்தியது. மொட்டு விரியாமலேயே பழுப்பாகிக் காய்ந்தால் கிள்ளிப் பாருங்கள். உறைக்குள் பொடிப்பொடியாகக் கழிவும், நடுவில் ஒரு சின்ன ஓட்டையும் இருக்கும். அங்கேயே விட்டால் தண்டு வழியே இறங்கிக் கிழங்கைத் தின்று, தூரே கொழகொழவென்று ஆகிவிடும். அப்படிப்பட்ட தண்டை அடியோடு வெட்டி, பையில் கட்டி குப்பையில் போட வேண்டும், கம்போஸ்ட்டில் அல்ல. நவம்பரில் மொட்டு வரும்போது வாரம் ஒருமுறை நடந்து பார்த்தால் போதும். அப்புறம், நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை தூரைத் தோண்டிப் பிரித்து நடாவிட்டால் இலை மட்டும் மண்டி, பூ குறையும். மண்வெட்டி வேலைதான், இடுப்பு பிடிக்கும். பிரித்ததைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்து நல்ல பெயர் வாங்கலாம்.

ஸ்ட்ரெலிட்சியா, பறவைத் தலை மாதிரி இருக்கும், பேர்ட் ஆஃப் பாரடைஸ் என்பார்கள், நம் பழைய 50 சென்ட் நாணயத்தில் இருந்த அதே பூ. மூன்றில் பார்க்க ராஜா இதுதான். 1.5 மீட்டர் வரை வரும், குளிர்காலத்தில் பூக்கத் தொடங்கி வசந்தத்திலும் தொடரும், வெட்டிக் குவளையில் வைத்தால் நாள்கணக்கில் நிற்கும். மஞ்சள் பூவில் மண்டேலாஸ் கோல்ட் என்று கர்ஸ்டன்பாஷ் தாவரவியல் பூங்காவில் உருவாக்கிய வகையும் உண்டு. ஆனால் விதையிலிருந்து பூ வர மூன்று முதல் ஐந்து வருஷம் ஆகும். பிரித்து நட்டாலும் கோபித்துக்கொண்டு சில காலம் பூக்காது. வளர்ந்த செடியாக வாங்கினால் பர்ஸ் இளைக்கும். எங்கள் தெருவில் குரங்குக் கூட்டம் வந்தால் முதலில் பிய்த்துப் போடுவது இதைத்தான். பொறுமை இருந்தால் வையுங்கள், ஒருமுறை நிலைத்துவிட்டால் காய்ந்த இலையை வெட்டுவது தவிர வேலை இல்லை. ஒரே எச்சரிக்கை: கன்று வாங்கும்போது பெயர் பார்த்து வாங்குங்கள். இதன் அண்ணன் நிக்கோலாய், காட்டு வாழை என்று சொல்வது, 10 மீட்டருக்கு வளர்ந்து சுவரையும் குழாயையும் வேரால் பதம் பார்க்கும். சின்னதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஜாடை.

தீப்பந்தம் மாதிரி நிமிர்ந்து பூக்கிற ரெட் ஹாட் போக்கர் பற்றிக் கேட்பீர்கள். நல்ல செடிதான், ஆனால் பல வகைகள் ஈரப் புல்வெளியில் பிறந்தவை, கோடையில் வேர் காயக் கூடாது. தண்ணீர் தேங்குகிற மூலை இருந்தால் அங்கே வையுங்கள்.

கல்வாழை? ஆயா வீட்டு வாசலில் இருந்தது, யாருக்குத்தான் ஆசை இல்லை. உயரம், பூ, எளிமை என்று பார்த்தால் மற்ற எல்லாவற்றையும் தோற்கடிக்கும். ஆனால் அந்தப் பழைய, சின்னச் சிவப்புப் பூ வகை, கன்னா இண்டிகா, தென்னாப்பிரிக்கச் சட்டப்படி 1பி பிரிவு ஆக்கிரமிப்புச் செடி: விற்கவோ நடவோ கூடாது, இருந்தால் கட்டுப்படுத்த வேண்டும். ஓடைக்கரைகளில் எப்படி மண்டிக் கிடக்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். வாசனைக்காக வைக்கிற வெள்ளை ஜிஞ்ஜர் லில்லிக்கும் அதே கதி.

ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் உறைபனி விழுகிற லெனேசியா, லாடியம் ஊர்களில் இருக்கிறவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். உறைபனியில் வைல்ட் டாகா மேலே கருகினாலும் பெரும்பாலும் அடியிலிருந்து துளிர்க்கும், ஸ்ட்ரெலிட்சியாவின் பூ வீணாகும். அங்கே நான் அகபாந்தஸ் இனாபெர்ட்டஸ் வைப்பேன். குளிரில் இலை கொட்டித் தூங்கிவிடும், கோடையில் 1.5 மீட்டருக்கு எழும்பி, பூவை மணி மாதிரி கீழே தொங்கவிடும்.

டர்பன் யார்டுக்கு ஒன்றே ஒன்று என்றால் வைல்ட் டாகா, யோசிக்கவே மாட்டேன். ஆறேழு மீட்டர் பாத்தி இருந்தால் சுவரை ஒட்டி மீட்டருக்கு ஒன்றாக வைல்ட் டாகா, அது வெட்டுப்பட்டு மொட்டையாக நிற்கிற ஆகஸ்ட், செப்டம்பரை மறைக்க முன்னால் ஒரு ஓரத்தில் இரண்டு ஸ்ட்ரெலிட்சியா, மிச்ச இடம் முழுக்க அரை மீட்டர் இடைவெளியில் அகபாந்தஸ். செப்டம்பர் கடைசியில் நட்டால் முதல் மழை உங்களுக்காகத் தண்ணீர் ஊற்றும்.