அம்மாவின்ர புதுத் தோள்மூட்டு: ஒப்பரேசனுக்கு 4, டிஸ்சார்ஜுக்கு 1, வீட்ட வந்த பிசியோ தங்கச்சிக்கு 5

எங்கட ஒழுங்கையில முழங்கால் மாத்தின ஆக்கள் மட்டும் மூண்டு பேர் இருக்கினம், ஆனா தோள்மூட்டும் மாத்தலாம் எண்டு நான் கேள்விப்பட்டதே அம்மாவுக்கு செய்யோணும் எண்டு டொக்டர் சொன்ன பிறகுதான். ஆரையும் கேட்டு அறியவும் ஏலாமக் கிடந்தது. அதுதான் ஏழு மாசம் கழிச்சு இதை எழுதுறன், கொஞ்சம் நீட்டாத்தான் வரும்.

அம்மாவுக்கு 72 வயசு. ஆறு வருசத்துக்கு முதல் கிணத்தடிப் பாசியில வழுக்கி வலது தோள் அடிபட விழுந்தவ. அப்ப எலும்பு உடையேல்லை எண்டாப்போல எண்ணெயும் பத்தும் போட்டு விட்டிட்டம், அது எங்கட பிழை. உண்மையில தோளைச் சுத்தி இருக்கிற தசைநாருகள் கிழிஞ்சு போச்சு. வருசம் போகப் போக கை மேல எழும்பாது, ராவில நோ, தலை இழுக்க ஏலாது, கடைசியில சோத்துக் கையை வாய்க்குக் கொண்டு போறதுக்கே இடக்கையால முண்டு குடுக்கிற நிலைமை. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி கிளினிக்கில எக்ஸ்ரே பாத்த டொக்டர், பிடிச்சு வைக்க தசைநார் இல்லாததால கையெலும்பின்ர நுனியில இருக்கிற பந்து மேல ஏறி எலும்போட எலும்பு தேயுது எண்டு படத்திலயே காட்டினவர். வடிவா விளங்கிச்சு.

பிறகு கொழும்பில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில செய்யிறதெண்டு முடிவெடுத்தம். பேர் போடேல்லை, ஏனெண்டு கீழ வாசிச்சா விளங்கும். அங்க சொன்னது ரிவேர்ஸ் எண்ட வகை. சாதாரணமா மாத்திறதெண்டா பந்து இருந்த இடத்தில உலோகப் பந்து, கிண்ணம் இருந்த இடத்தில பிளாஸ்டிக் கிண்ணம். ரிவேர்சில தலைகீழ், கிண்ணம் இருக்கிற தோள்பட்டை எலும்பில பந்தைப் பூட்டி, பந்து இருந்த கையெலும்பில கிண்ணத்தைப் பூட்டுவினம். இதைக் கேட்ட உடன அம்மா "எனக்கென்ன மாறிப் பூட்டப் போறாங்களோ" எண்டு பயந்திட்டா. அவவுக்கு விளங்கினது பிறகு பிசியோ தங்கச்சி (வீட்ட வந்து பயிற்சி தந்த பிசியோதெரபிஸ்ட் பிள்ளை) சொன்ன கிணத்துத் துலாக் கதையிலதான். துலாவில மிதிக்கிற பக்கம் நீளமா இருந்தா லேசா தண்ணி வரும், துலாவைத் தாங்கிற ஆடுகால் மிதிக்கிற ஆளுக்குக் கிட்டவா நிண்டா ஆள் களைச்சுப் போகும். அதே மாதிரி கை சுழலுற அச்சை உள்பக்கமா தள்ளிவிட்டா தோளுக்கு மேல இருக்கிற டெல்டொயிட் தசைக்கு நல்ல பிடி கிடைக்குது, கிழிஞ்ச தசைநாரின்ர வேலையையும் சேத்து அது தூக்கும். அதால டெல்டொயிட்டும் அதுக்குப் போற நரம்பும் நல்லா இருக்கோணும், அதைப் பாக்காம ஒருத்தரும் ரிவேர்ஸ் செய்ய மாட்டினம்.

கனடாத் தம்பி இதின்ர சரித்திரமெல்லாம் தேடி அனுப்பினவன். 1893 இல பரிசில பியான் எண்டொரு டொக்டர் காசநோய் பிடிச்ச தோளுக்கு பிளாட்டினமும் ரப்பரும் வைச்சுச் செய்தவராம், ரெண்டு வருசத்தில கிருமி பிடிச்சு அதைக் கழட்ட வேண்டி வந்திட்டுதாம். இப்ப பாவிக்கிற ரிவேர்ஸ் முறை கிராமோன் எண்ட பிரெஞ்சு டொக்டர் 1985 இல கொண்டு வந்தது. அம்மாவுக்கு இதில ஒரு அக்கறையும் இல்லை, "ஒரு மாசத்தில புட்டு அவிக்கலாமோ" எண்டுதான் கேட்டவ.

ஒப்பரேசனுக்கு அஞ்சுக்கு 4 குடுக்கிறன். சுகர் கூடவா இருந்ததால அதைக் குறைச்சிட்டு வாங்கோ எண்டு திகதியைத் தள்ளினவை, அப்ப கோவம் வந்தது, ஆனா சுகரோட வெட்டினா கிருமி பிடிக்கிற ஆபத்துக் கூட, தள்ளினதுதான் சரி. சி.ரி. ஸ்கான் எடுத்து அளவு பாத்தவை. முதலே தோளையும் கமக்கட்டையும் கழுவ முகப்பருவுக்குப் பூசுற பென்சாயில் பெராக்சைட் தந்தவை, நான் மாறித் தந்திட்டினம் எண்டு நினைச்சன், ஆனா முகப்பருவில இருக்கிற அந்தக் கிருமிதான் தோள் ஒப்பரேசனில கள்ளனாம், தோலுக்குள்ள ஒளிச்சிருந்து மாசக்கணக்கில கழிச்சுத்தான் வெளிக்கிடுமாம். வெட்டினது தோளின்ர முன்பக்கம், தழும்பும் வடிவா ஆறியிட்டுது.

ஒண்டு குறைச்சது எதுக்கெண்டா, கழுத்துப் பக்கம் ஊசி போட்டு கையை விறைக்கப் பண்ணுவினம், அது அடுத்த நாள் வரைக்கும் நோவே தெரியாமச் செய்யும், நல்ல விசயம்தான். ஆனா அந்த ஊசியால குரல் கம்மலாம், அந்தப் பக்கத்துக் கண்ணிமை கொஞ்சம் இறங்கலாம், பிறகு தானா மாறிடும் எண்டு ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை. அம்மா கண் இறங்கி குரல் அடைச்சு கையும் அசையாமக் கிடக்க நான் பாரிசவாதம் எண்டு நினைச்சுக் கத்தி வார்ட்டையே கூட்டிட்டன்.

டிஸ்சார்ஜுக்கு 1 தான். ரெண்டாம் நாளே விட்டினம், அது பரவாயில்லை. ஆனா கையில தந்தது இங்கிலிசில ஒரே ஒரு பேப்பர், தமிழில ஒரு வரி இல்லை, பத்து நிமிசம் ஒராள் வந்து விரலை மடக்கு நிமித்து எண்டிட்டுப் போனவர். ரிவேர்ஸ் செய்தவை கதிரையில அந்தக் கையை ஊண்டி எழும்பக் கூடாது, முதுகுக்குப் பின்னால கையைக் கொண்டு போகக் கூடாது, அப்பிடிச் செய்தா மூட்டு கழண்டு போகலாம், இதைச் சொல்லிறதுக்கு எவ்வளவு நேரம் வேணும்? வானில ஏ9 ரோட்டால எட்டு மணித்தியாலம் ஆடி வந்து வீட்ட இறங்கி, அடுத்த நாள் விடிய கொமட்டில இருந்து அம்மா வலக்கையை ஊண்டி எழும்பிட்டா. நல்ல காலம் ஒண்டும் நடக்கேல்லை. அந்தப் பதட்டத்திலதான் நான் பிசியோ தேடினனான்.

இனி ஸ்லிங், கையைத் தாங்கிற பட்டி. பக்கத்தில சின்னத் தலகாணி வைச்ச மொடல், 2 தான் குடுப்பன். எங்கட சித்திரை வெயிலுக்கு அது சரிவராது, கழுத்துப் பட்டி அறுத்து கமக்கட்டு வேர்த்து ரெண்டு கிழமையில அவிஞ்சு போச்சு. அப்பாவின்ர பழைய வேட்டியைக் கிழிச்சு பட்டியில சுத்தித் தைச்சாப்பிறகுதான் ஓரளவு. கமக்கட்டு கழுவ கையைத் தூக்கப் போகாதேங்கோ, ஆளை முன்னுக்குக் குனியவிட்டு கையைத் தொங்கவிட்டா ஈரத்துணி உள்ள போகும். மற்றது முன்னுக்குப் பொத்தான் வைச்ச ஹவுஸ்கோட் நாலைஞ்சு தைச்சு வையுங்கோ, போடேக்க ஒப்பரேசன் கை முதல், கழட்டேக்க அது கடைசி.

இதெல்லாம் பிசியோ தங்கச்சி சொல்லித் தந்தது. எங்கட யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கத்தில இருந்து ஸ்கூட்டியில வாறவ, ஒருக்கா வாறதுக்கு அப்ப 2500 ரூபா, முதல்ல கிழமைக்கு மூண்டு தரம், பிறகு கிழமைக்கு ஒண்டு. வந்த முதல் நாள் பயிற்சி ஒண்டும் செய்யேல்லை, கட்டிலைப் பாத்தவ, பாத்ரூமைப் பாத்தவ, பிறகு விறாந்தையில கிடந்த அப்பாவின்ர சாய்மனைக் கதிரையைக் கண்டிட்டு "அம்மா, ஆறு கிழமைக்கு உங்கட படுக்கை இதுதான்" எண்டிட்டா. நேரப் படுத்தா கை பின்னுக்கு விழுந்து இழுக்கும், அதால முழங்கைக்குக் கீழ தலகாணி. அவ சொன்ன அடையாளம் எனக்கு நல்லாப் பிடிச்சது, எப்பிடிப் படுத்தாலும் உங்கட முழங்கை உங்கட கண்ணுக்குத் தெரியோணும், தெரியாட்டி கை பிழையான இடத்தில கிடக்கு.

முதல் ஆறு கிழமை ஸ்லிங். அதுக்குள்ள விரல், மணிக்கட்டு, முழங்கை அசைக்கிறது, குனிஞ்சு நிண்டு கையைக் கோயில் மணி நாக்கு மாதிரித் தொங்கவிட்டு ஆட்டுறது. பேந்து மேசையில துணியை வைச்சு முன்னுக்குத் தள்ளுறது. கதவில கொழுவிற கப்பி கடையில வாங்க வெளிக்கிட, தங்கச்சி கொடுப்புக்குள்ள சிரிச்சிட்டு எங்கட கிணத்துப் பழைய கப்பியை மாமரத்தில கட்டச் சொன்னவ, இடக்கை இழுக்க வலக்கை எழும்பும், அம்மா காலமையும் பின்னேரமும் அதில இருந்துகொண்டு ரோட்டால போற வாற எல்லாரோடயும் கதை. மூண்டு மாசம் தாண்டித்தான் பாரம் வைச்சுச் செய்யத் தொடங்கினது. மூண்டாம் மாசத்தில அம்மா இதெல்லாம் வீண்காசு எண்டு அழுதவ, கை தோள் மட்டத்துக்கு மேல வராமலே நிண்டது. தங்கச்சி அவசரப்படுத்தேல்லை, ஒருநாளும் பிடிச்சு இழுத்து நோகப் பண்ணேல்லை, ஒரு வருசம் வரைக்கும் முன்னேற்றம் வந்துகொண்டே இருக்கும் எண்டவ. குறை சொல்லோணுமெண்டா நேரம்தான், நாலு மணி எண்டா அஞ்சரை.

இப்ப ஏழாம் மாசம். ராவில நோ இல்லை, அதுக்காகவே செய்யலாம். தலை தானே இழுக்கிறா, தட்டில இருக்கிற சீனிப் போத்தலை எட்டி எடுக்கிறா, புட்டும் கொத்தியாச்சு. ஆனா முதுகுக்குப் பின்னால கை போகாது, உள்சட்டைக் கொளுக்கி நான்தான் போட்டு விடுறன், ரிவேர்சில கனபேருக்கு இப்பிடித்தான் எண்டு தெரிஞ்சுகொண்டு போங்கோ. வாளி தூக்கிறது, தேங்காய் மூட்டை இழுக்கிறது இனி இல்லை. காய்ச்சல், தழும்பு சிவக்கிறது, நீர் வடியிறது, திடீரெண்டு கை அசைக்க ஏலாமப் போறது, இதில எது வந்தாலும் எண்ணெய் பூசிப் பாத்துக்கொண்டிருக்காம உடன டொக்டரிட்டப் போங்கோ.

ஸ்லிங் எங்கட வீட்டில சும்மாதான் கிடக்கு, மீடியம் சைஸ், ரெண்டு கைக்கும் போடலாம், வேட்டித்துணியோட தோய்ச்சு வைச்சிருக்கிறன். யாழ்ப்பாணத்துக்குள்ள ஆருக்கும் தேவையெண்டா வந்து எடுங்கோ, காசு வேண்டாம். கப்பி தரமாட்டன், அம்மா இன்னும் விடேல்லை.