பென் ஜான்சனா, மைக் வ்ரேபலா: என் பந்தயம் யார் மீது?

2025 பருவம் தொடங்கச் சில வாரங்களே இருந்த நிலையில், நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு பந்தயம் வைத்துக்கொண்டோம். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகளில் அந்த ஆண்டு புதிதாகப் பொறுப்பேற்ற ஏழு தலைமைப் பயிற்சியாளர்களில் ஆளுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று பருவங்களின் முடிவில் யாருடைய அணி அதிக வெற்றிகளைக் குவித்திருக்கிறதோ, அவருக்கு மற்ற மூவரும் விருந்து வைக்க வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் முதல் தேர்வு எனக்கு விழுந்தது. சிகாகோ பேர்ஸின் பென் ஜான்சனா, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் மைக் வ்ரேபலா என்று இரண்டு நாள் யோசித்து, ஜான்சனையே எடுத்தேன்.

மற்றவர்களைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. ரெய்டர்ஸுக்கு வந்த பீட் கேரலுக்கு அப்போது 73 வயது. மூன்று ஆண்டுக் கணக்கில் அவரை நம்புவது கடினம். ஆரன் கிளென் எனக்குப் பிடித்தவர்தான், ஆனால் அவர் ஏற்றிருக்கும் ஜெட்ஸ் அணி 2010 பருவத்துக்குப் பின் பிளே-ஆஃப் எனும் இறுதிச் சுற்றுகளின் வாசலையே மிதித்ததில்லை. லியாம் கோயன், கெலன் மூர், பிரையன் ஷாட்டன்ஹைமர் ஆகியோரின் ஆட்டத்தை நான் கூர்ந்து கவனித்ததில்லை என்பதால் அவர்களைத் தொடவில்லை.

அனுபவத்தை மட்டும் பார்த்தால் வ்ரேபல்தான் முன்னே நிற்கிறார். டென்னசி டைட்டன்ஸில் ஆறு பருவங்களில் 54 வெற்றி, 45 தோல்வி. 2021இல் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது. விளையாடிய காலத்தில் பேட்ரியட்ஸுக்காக மூன்று சூப்பர் பௌல் (என்எஃப்எல் இறுதிப்போட்டி) வெற்றிகள். ஜான்சனோ 39 வயதில் முதன்முறையாகத் தலைமை ஏற்பவர். இரு அணிகளிலும் 2024இல் தேர்வான இளம் குவார்ட்டர்பேக்குகள் (பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர்கள்) இருக்கிறார்கள், இரு அணிகளும் 2024 பருவத்தில் மண்ணைக் கவ்வியவை என்பதால், அந்த வகையில் பெரிய வேறுபாடு இல்லை.

என்னை ஜான்சன் பக்கம் சாய்த்தது ஒரே ஒரு கேள்விதான்: தாக்குதல் ஆட்டத்தின் நகர்வுகளைத் தீர்மானிப்பவர் யார், அவர் எத்தனை ஆண்டு அந்த இடத்தில் இருப்பார்? ஒவ்வொரு நகர்வையும் ஒரு பயிற்சியாளர் குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் இருக்கும் ஒலிக்கருவி வழியாகச் சொல்கிறார். ஒவ்வொரு நகர்வுக்கும் ஓடும் கடிகாரத்தில் 15 விநாடி மீதமிருக்கும்போது அந்த இணைப்பு அறுந்துவிடும், அதற்குள் சொல்லி முடித்தாக வேண்டும். சிகாகோவில் அந்தக் குரல் தலைமைப் பயிற்சியாளர் ஜான்சனுடையதாகவே இருக்கும். நியூ இங்கிலாந்தில் அது தாக்குதலைக் கவனிக்கும் துணைப் பயிற்சியாளரான ஒருங்கிணைப்பாளர் ஜாஷ் மெக்டேனியல்ஸின் குரல். ஒருங்கிணைப்பாளர் சோபிக்காவிட்டால் நாமே அனுப்பிவிடுவோம், சோபித்தால் வேறொரு அணி தலைமைப் பதவி தந்து கொத்திக்கொண்டு போய்விடும். இரண்டு வழியிலும் இளம் குவார்ட்டர்பேக் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

வ்ரேபலுக்கே இது இருமுறை நேர்ந்தது. டைட்டன்ஸில் அவருடைய ஒருங்கிணைப்பாளராக இருந்த மேட் லஃப்ளர் ஒரே பருவத்துக்குப் பின் கிரீன் பே பேக்கர்ஸுக்குப் போனார். 2020இல் டெரிக் ஹென்றி 2,027 கெஜம் ஓடிய தாக்குதலை நடத்திய ஆர்தர் ஸ்மித் அடுத்த ஆண்டே அட்லாண்டாவுக்குப் போனார். அந்தப் பருவத்தில் 491 புள்ளி எடுத்த டைட்டன்ஸ், 2022இல் 298க்கு இறங்கியது. அதே அட்லாண்டாவில் தலைமைப் பயிற்சியாளர் டான் குவின்னுக்கும் இதே கதைதான்: 2016இல் கைல் ஷனஹன் ஒருங்கிணைப்பாளராக இருந்தபோது 540 புள்ளி, அவர் சான் பிரான்சிஸ்கோவுக்குச் சென்ற மறு ஆண்டு 353. ஜான்சன் சிகாகோவுக்கு வந்ததும் இப்படித்தான். 2024 பருவத்தில் 15 ஆட்டங்களை வென்ற டெட்ராய்ட் லயன்ஸ், தன் ஒருங்கிணைப்பாளர்களான அவரையும் கிளென்னையும் ஒரே மாதத்தில் இழந்தது.

ஜான்சனின் கைவண்ணத்தைச் சிகாகோ ரசிகர்கள் தங்கள் சொந்த மைதானத்திலேயே பார்த்தார்கள். 2024 டிசம்பரில் சோல்ஜர் ஃபீல்டில் லயன்ஸ் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப் கால் இடறியதுபோல் தடுமாறினார், ஓட்டக்காரர் ஜமீர் கிப்ஸ் தரையில் விழுந்தார், பேர்ஸ் தடுப்பாளர்கள் ஒரு கணம் அசந்தார்கள். காஃப் நிமிர்ந்து, தனியே நின்ற சாம் லபோர்ட்டாவுக்குப் பந்தை வீசி டச்டௌன் ஆக்கினார். அந்தத் தடுமாற்றம் முழுவதும் ஒத்திகை பார்த்த நடிப்பு. ஏமாந்த அணி ஒரு மாதத்துக்குள் ஏமாற்றியவரையே வேலைக்கு எடுத்துக்கொண்டது, அதுவும் விவேகம்தான்.

என் வாதத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. ஏற்கெனவே இருமுறை தலைமைப் பதவியில் தோற்ற மெக்டேனியல்ஸை வேறு அணி அவ்வளவு எளிதில் அழைக்காது என்பதால், வ்ரேபலுக்கு இம்முறை அந்த இழப்பு நேராமலும் போகலாம். தானே நகர்வுகளைச் சொன்ன மேட் நேகி இதே சிகாகோவில் தலைமைப் பயிற்சியாளராக 2018இல் 12 வெற்றிகளோடு தொடங்கி, 2020இல் அந்தப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுக்க நேர்ந்ததையும் மறக்க முடியாது. பேர்ஸின் பிரிவும் கொடியது: லயன்ஸ், வைகிங்ஸ், பேக்கர்ஸ் மூன்றும் 2024 பருவத்தில் பிளே-ஆஃபுக்குச் சென்றவை. பேர்ஸின் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் அந்தப் பருவத்தில் 68 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், டிரூ டால்மன் என்று குவார்ட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பு வரிசையின் நடுப்பகுதிக்கு மூவரைக் கொண்டுவந்திருந்தாலும், அவர்கள் ஒன்றிச் செயல்படச் சில வாரங்களாவது பிடிக்கும். எனவே முதல் பருவத்தில் வ்ரேபல் முந்துவார் என்றே கணக்கிட்டிருக்கிறேன்; என் நம்பிக்கை இரண்டாம், மூன்றாம் பருவங்களில்தான்.

இரண்டாவது சீட்டு விழுந்த நண்பர், நான் பெயரைச் சொல்லி வாய் மூடுவதற்குள் வ்ரேபலை எடுத்துக்கொண்டார். மூன்றாமவர் என் பேச்சைக் கேளாமல் கேரலை எடுத்தார். அவர்கள் இருவரின் அணிகளும் 2025 செப்டம்பர் 7 அன்று பேட்ரியட்ஸின் ஊரான ஃபாக்ஸ்பரோவில் ஒன்றோடொன்று மோதவிருந்தன. என்னுடையது மறுநாள் இரவு சோல்ஜர் ஃபீல்டில், வைகிங்ஸுக்கு எதிராக.