ஜிபியு வாடகைச் சந்தையில் ஒப்புதல்: நெடுநாள் அனுபவத்தில் சில விஷயங்கள்

ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) பொருத்திய என் கணினிகளை, செயற்கை நுண்ணறிவு போன்ற கனமான வேலைகளுக்கு இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் சந்தையில் விட ஆரம்பித்து வெகுநாளாகிறது. கணினி சரியாக இருக்கிறதா என்று சந்தை சோதித்துத் தரும் அங்கீகாரத்தைத்தான் இங்கே ஒப்புதல் என்கிறேன். புதிதாக வருகிறவர்கள் இன்னமும் முதலில் கேட்பது, "எந்த கார்டு போட்டால் ஒப்புதல் சீக்கிரம் கிடைக்கும்?" என்பதுதான். ஆர்டிஎக்ஸ் 3090, 4090 இரண்டிலும் 24 ஜிபி நினைவகம் உண்டு, இரண்டுக்கும் ஆள் வருகிறது. கார்டால் நின்றுபோன ஒப்புதலை நான் அதிகம் பார்த்ததில்லை. கார்டைச் சுற்றி இருப்பவைதான் காலை வாரிவிடுகின்றன.

அதில் முதலிடம் இணைய இணைப்புக்கு. வாடகைக்கு எடுப்பவர் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) வழியாகவோ ஜூப்பிட்டர் (பிரவுசரிலேயே நிரல் எழுதி ஓட்டும் கருவி) வழியாகவோ வெளியிலிருந்து உங்கள் கணினிக்குள் வர வேண்டும். அதற்குப் பொது ஐபி முகவரியும், ரவுட்டரில் திறந்துவிட்ட போர்ட்டுகளும் (வெளி இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாசல்கள்) தேவை. பல இணைய நிறுவனங்கள் நிறைய வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்து வைக்கின்றன. அப்படியிருந்தால் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பலன் இல்லை. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள்: 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். வன்பொருள் வாங்குவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

வேகமும் முக்கியம். 700 கோடி அளவுருக்கள் கொண்ட மொழி மாதிரி அளவுருவுக்கு 16 பிட் என்ற கணக்கில் சுமார் 14 ஜிபி வரும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் அதை இறக்கவே 20 நிமிடம் போய்விடும், 1 ஜிபிபிஎஸ்ஸில் 2 நிமிடம். வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது எவர் 20 நிமிடம் காத்திருப்பார்?

அடுத்தது, பழைய மைனிங் ரிக்குகள், அதாவது கிரிப்டோ நாணயம் ஈட்டப் பல கார்டுகளை அடுக்கிய கணினிகள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பு மைனிங்கைக் கைவிட்டதும் பலர் அந்த ரிக்குகளை அப்படியே இங்கே கொண்டுவந்தார்கள். மைனிங்குக்கு ஒற்றை லேன் ரைசர் (கார்டை மதர்போர்டோடு ஒரே ஒரு தரவுப் பாதையில் இணைக்கும் நீட்டிப்பு) போதும். கார்டுகளை இணைக்கும் தரமான பிசிஐஇயின் 3.0 பதிப்பில் அது நொடிக்கு 1 ஜிபிதான் தரும், 4.0-வின் 16 லேன்களோ கிட்டத்தட்ட 32 ஜிபி. தரவை ஓயாமல் கார்டுக்குள் தள்ளும் பயிற்சி வேலைக்கு அந்த ரைசர் ஆகாது. கூடவே அந்த ரிக்குகளில் வெறும் 8 ஜிபி ரேம் வேறு! கார்டுகளின் மொத்த நினைவகத்துக்குக் குறையாத ரேம் இருக்கட்டும்.

டிஸ்க்கை எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் அமைத்து, ப்ராஜெக்ட் கோட்டாவோடு (அடைவு வாரியாக இட வரம்பு போடும் வசதி) மவுன்ட் செய்யுங்கள். இல்லையென்றால் வாடகைதாரர்களைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரித்து ஓட்டும் டாக்கர் மென்பொருள் ஒவ்வொரு வாடகைதாரருக்கும் இட வரம்பு போட முடியாது.

எல்லாம் சரியாக இருந்தும் நள்ளிரவில் கணினி படுத்துவிடும். பெரும்பாலும் காரணம் உபுண்டு லினக்ஸின் தானியங்கி அப்டேட். என்விடியா டிரைவரின் லைப்ரரி புதியதாகி, கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிரைவரின் பழைய மாட்யூலே ஓடிக்கொண்டிருந்தால், கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை, பதிப்புகள் ஒத்துப்போகவில்லை என்று சொல்லி நின்றுவிடும். டிரைவர் தொகுப்புகளை ஹோல்டில் (தானாக அப்டேட் ஆகாதபடி) வைத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. என்விடியா டிரைவர் பதிவு செய்யும் எக்ஸ்ஐடி 79 பிழை வேறு கதை. கார்டு பஸ்ஸிலிருந்து, அதாவது மதர்போர்டோடு பேசும் இணைப்பிலிருந்து, விழுந்துவிட்டது என்று பொருள். ரைசர், பவர் கேபிள், பவர் சப்ளை, சூடு என்ற வரிசையில் நான் சந்தேகப்படுவேன். 4090 ஒன்றே 450 வாட் இழுக்கும், நான்கு போட்டால் கார்டுகளுக்கு மட்டும் 1800 வாட். பவர் வரம்பைக் கொஞ்சம் குறைத்தால் வேகம் சிறிதளவே குறைகிறது, சூடு நன்றாகவே இறங்குகிறது.

நான் கணினிகளை வாடகைக்கு விடுகிற சந்தையின் மேல் எனக்கு ஒரே ஒரு குறை: ஒப்புதல் ஏன் வரவில்லை என்று சொல்ல மாட்டார்கள். தானியங்கிச் சோதனை ஓடும், நிலை மாறும் அல்லது மாறாது. ஒப்புதல் இல்லாத கணினிகள் வழக்கமான தேடலில் தெரிவதே இல்லை என்பதால் இந்த மௌனம் எரிச்சலைக் கிளப்புகிறது.

ஒப்புதல் வந்த பிறகும் கணினி எவ்வளவு தடையின்றி இயங்குகிறது என்பதைக் காட்டும் நம்பகத்தன்மை மதிப்பெண் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு இரவு மின்வெட்டில் இறங்கியது மெல்ல மெல்லத்தான் ஏறும். அதனால் யுபிஎஸ்ஸில் ரவுட்டரையும் சேர்த்தே மாட்டுங்கள். கெர்னலை மாற்ற வேண்டியிருந்தால் முதலில் கணினியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, நடப்பு ஒப்பந்தங்கள் முடிந்த பிறகு கை வையுங்கள்.