9 ஸ்பீடா, 11 ஸ்பீடா? தேய்ந்ததை மாற்றும்போது தெரிந்த கணக்கு

வீட்டில் இரண்டு ரோடு சைக்கிள்கள் இருக்கின்றன. ஒன்றில் சைக்கிள் பாக நிறுவனமான ஷிமானோவின் சோரா என்ற கியர் வரிசை, பின்னால் 9 பல்சக்கரங்கள், அதாவது 9 ஸ்பீடு. மற்றொன்றில் அதே நிறுவனத்தின் 105 ஆர்7000, பின்னால் 11. இரண்டுமே சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுகின்றன. அவ்வப்போது கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் போய்வருகின்றன. செயின், கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி), கியர் கேபிள் என்று இரண்டுக்கும் பல ஆண்டுகளாக வாங்கிப் போட்டிருக்கிறேன். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்திக்கொண்டு நிறைய ஓட்டுகிறவருக்கு 9 ஸ்பீடுதான் இன்றைக்கும் சரி என்பது என் முடிவு. 11 ஸ்பீடும் நல்லதுதான். ஆனால் அதைக் கட்டுப்படியாகும் செலவில் ஓட்டுவதற்கென்று சில பழக்கங்கள் வேண்டும்.

ஷிமானோவின் உச்ச வரிசையான டியூரா-ஏஸ் 2003-இல் 10 ஸ்பீடுக்கும் 2012-இல் 11-க்கும் 2021-இல் 12-க்கும் மாறியது. நடுத்தர வரிசையான 105, 2022-இல் 12-ஐத் தொட்டது. பல்சக்கரங்கள் கூடினாலும் அவை உட்காரும் இடம் பெரிதாக அகலவில்லை. அதனால் சக்கரத்துக்குச் சக்கரம் இருக்கும் இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது: 8 ஸ்பீடில் 4.8 மில்லிமீட்டர், 9-இல் 4.35, 10-இல் 3.95, 11-இல் 3.74. செயினும் கூடவே இளைத்தது. 8 ஸ்பீடு செயினின் வெளி அகலம் 7 மில்லிமீட்டருக்கு மேல்; 11 ஸ்பீடில் ஏறக்குறைய 5.5.

செயின் மெலிந்தால் சீக்கிரம் தேயும் என்று பலர் சொல்வதை நான் அப்படியே ஏற்பதில்லை. இரும்பின் தரமும் பின்களுக்கும் உருளைகளுக்கும் கொடுக்கும் பூச்சும்தான் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. நல்ல 11 ஸ்பீடு செயின் மட்டமான 9 ஸ்பீடு செயினைவிட நெடுநாள் உழைக்கும். உண்மையில் குறைந்துபோவது, பிசகைப் பொறுத்துக்கொள்ளும் தன்மை. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் டீரெய்லரைச் சட்டத்தில் மாட்டும் ஹேங்கர் என்ற பாகம் சற்றே வளைந்திருந்தாலும் 9 ஸ்பீடு கியர் முணுமுணுக்காமல் மாறிவிடும். அதே வளைவு 11-இல் இருந்தால் நடு கியர்களில் சத்தம் வரும், ஏற்றத்தில் செயின் தாவும். பாகம் தேய்ந்துவிட்டது என்று நினைத்துப் புதிய கேசட் வாங்கப் போவதற்கு முன், ஹேங்கரை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். எங்கள் மெக்கானிக் அண்ணன் எந்த 11 ஸ்பீடு வண்டி வந்தாலும் முதலில் ஹேங்கர் அளவியைத்தான் கையில் எடுக்கிறார். அதற்கு அவர் வாங்கும் கூலி, கேசட் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

பணம் மிச்சமாவது செயினில்தான் தொடங்குகிறது. தேய்ந்த செயின் கேசட்டின் பற்களையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடும். பிறகு புதுச் செயின் போட்டாலும் பழைய பற்களில் பிடிக்காது. அளந்து பார்க்க ஒரு இரும்பு ஸ்கேல் போதும். செயினில் ஒரு பின்னிலிருந்து (pin) அடுத்த பின்னுக்கு அரை அங்குலம் என்பதால் 24 இடைவெளிகள் சரியாக 304.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 306.3-ஐத் தொட்டால் 0.5 சதவீதம் நீண்டுவிட்டது என்று பொருள். 11, 12 ஸ்பீடு செயின்களை அந்த இடத்திலேயே கழற்றிவிட வேண்டும். 9, 10 ஸ்பீடுக்கு 307.1 வரை, அதாவது 0.75 சதவீதம் வரை விடலாம். 9 ஸ்பீடு எனக்குத் தரும் முதல் சலுகை இதுதான்: மாற்றுவதற்கு ஒரு வாரம் தள்ளிப்போனாலும் கேசட் தப்பித்துக்கொள்கிறது.

105 வண்டிக்கு மூன்று செயின்களைச் சுழற்சியில் வைத்திருக்கிறேன். மண்ணெண்ணெயில் முழுக்கக் கழுவி, காயவைத்து, உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கி எடுத்துத் தொங்கவிடுகிறேன். மெழுகு பூசிய செயினில் மண் ஒட்டாது. தேய்மானம் கண்கூடாகக் குறைகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் இது உதவாது. நனைந்த மெழுகுச் செயின் ஒரே இரவில் துருப்பிடிக்கும். அந்த மாதங்களில் எண்ணெய்க்கு மாறிவிடுகிறேன். சுழற்சி முறையில் செயினை அடிக்கடி கழற்ற வேண்டியிருப்பதால் செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் குவிக் லிங்க் விஷயத்தில் கவனம் தேவை. 11 ஸ்பீடு லிங்க்குகளில் பல, ஒருமுறைப் பயன்பாட்டுக்கு என்று குறிப்பிட்டே விற்கப்படுகின்றன. கேஎம்சி நிறுவனம் மீண்டும் மீண்டும் மாட்டக்கூடியதைத் தனியாகத் தருகிறது. நான் அதையே வாங்குகிறேன்.

கேசட்டில் எடையைப் பார்த்துப் பணம் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. டியூரா-ஏஸ் கேசட்டின் பெரிய சக்கரங்கள் டைட்டானியம். இலேசானவை, ஆனால் நம் பையையும் இலேசாக்கிவிடும். ஏற்காட்டு ஏற்றத்தில் எனக்கு வேண்டியது 34 பல் உள்ள பெரிய சக்கரம் மட்டுமே. முன் பல்சக்கரமும் 34 பல் என்றால் ஒன்றுக்கு ஒன்று: மிதி ஒரு சுற்று, பின் வீல் ஒரு சுற்று. முழங்கால் நிம்மதியாக இருக்கும். 11 ஸ்பீடில் எச்ஜி700 என்ற 11-34 (சின்னது 11 பல், பெரியது 34) கேசட்டைப் போட்டிருக்கிறேன். பல்சக்கரங்கள் இரும்பு, கனம் அதிகம், ஆனால் நன்றாக உழைக்கிறது. இதில் பலரும் கவனிக்காத ஒரு வசதி உண்டு. கேசட் மாட்டும் உருளைக்கு ஃப்ரீஹப் என்று பெயர். ரோடு சைக்கிளின் 11 ஸ்பீடு ஃப்ரீஹப், பழைய 8, 9, 10 ஸ்பீடு ஃப்ரீஹப்பைவிட 1.85 மில்லிமீட்டர் நீளமானது. அதனால் வழக்கமான 11 ஸ்பீடு கேசட்கள் பழைய வீலில் ஏறாது. எச்ஜி700-இன் பெரிய சக்கரம் உட்பக்கமாகக் குழிந்திருப்பதால் பழைய ஃப்ரீஹப்பிலேயே உட்கார்ந்துவிடும். 11 ஸ்பீடு ஃப்ரீஹப்பில் போடும்போதுதான் 1.85 மில்லிமீட்டர் ஸ்பேசர் (இடைவளையம்) வேண்டும். 10 ஸ்பீடிலிருந்து 11-க்கு மாறுகிறவர்கள் புதிய வீல் வாங்கும் முன் இதை நினைத்துப் பார்க்கலாம்.

மலிவான கேசட்களில் ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள். சக்கரங்கள் தனித்தனியாக இல்லாமல் பின் (pin) அடித்து ஒன்றோடொன்று இணைத்தவையாக இருக்க வேண்டும். தனித்தனி இரும்புச் சக்கரங்கள் அலுமினிய ஃப்ரீஹப்பின் வரிகளைக் கடித்துவிடும். பிறகு கேசட்டைக் கழற்றுவதே பெரும்பாடு.

9 ஸ்பீடு வண்டிக்கு நான் இவ்வளவு சிரத்தை எடுப்பதில்லை, எடுக்க வேண்டிய அவசியமும் வரவில்லை. ஒரு செயின், மாதம் ஒரு அளவு, தேய்ந்தால் புதிது. 105-க்குக் கேசட் மட்டும் வாங்கும் பணத்தில் சோராவுக்குக் கேசட்டும் செயினும் சேர்த்து வாங்க முடிகிறது. ஷிமானோ, கேஎம்சி, சன்ரேஸ், மைக்ரோஷிஃப்ட் என்று செய்பவர்கள் பலர்; சிறிய ஊர்க் கடைகளிலும் ஏதோ ஒன்று இருக்கும். 9 ஸ்பீடு செயின் 8 ஸ்பீடு கேசட்டிலும் ஓடும் என்பதால் கடைக்காரர் ஒன்றையே வைத்து இரண்டு வண்டிகளைப் பார்த்துவிடுகிறார்.

டீரெய்லரிலும் இந்த ஒற்றுமை உண்டு. ஷிமானோவின் 8, 9 ஸ்பீடு ரோடு டீரெய்லர்களும் பழைய 10 ஸ்பீடு டீரெய்லர்களும் கேபிளை ஒரே விகிதத்தில் இழுக்கின்றன. சோரா டீரெய்லர் உடைந்தால் 8 ஸ்பீடு வரிசையான கிளாரிஸின் டீரெய்லரைப் போட்டு ஓட்டலாம். கியர் எண்ணிக்கையை முடிவு செய்வது கைப்பிடியில் உள்ள கியர் லீவர்தான். ஷிமானோவின் டியாக்ரா 4700 வரிசை மட்டும் இதில் சேராது. 10 ஸ்பீடாக இருந்தும் அதன் இழுவை 11 ஸ்பீடு முறையைச் சேர்ந்தது. இது தெரியாமல் பழைய 10 ஸ்பீடு லீவருடன் அதை இணைத்தால் எவ்வளவு திருகினாலும் கியர் சரியாக உட்காராது.

கேபிள் விலை குறைவு, விட்டுவிட்டால் வரும் நட்டம் அதிகம். கேபிளைக் கைப்பிடி நாடாவுக்கு அடியில் கொண்டுபோகும் 11 ஸ்பீடு லீவர்களுக்குள் கம்பி இறுக்கமாக வளைகிறது. அதன் தலைப்பகுதி நார் நாராகப் பிரிந்து லீவருக்குள்ளேயே அறுந்தால், துண்டுகளை எடுக்க நாள் முழுக்க ஆகும். எடுக்க முடியாமல் லீவரையே தூக்கி எறிந்தவர்களும் உண்டு. பின் கியர் கேபிளை ஆண்டுக்கு ஒருமுறை, நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுங்கள். கியர் திடீரென்று தயங்கத் தொடங்கினால் ஆண்டு முடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

இணையத்தில் பாதி விலைக்கு வரும் பிரபல நிறுவனச் செயின்களைத் தொடாதீர்கள். போலிகள் ஏராளம், பெட்டி அச்சு அசலாக இருக்கும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் அறுந்தால் முழு உடலும் முன்னால் பாயும். இந்த ஒரு பாகத்தை எப்போதும் தெரிந்த கடையில் பில்லோடுதான் வாங்குகிறேன்.

12 ஸ்பீடு பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஷிமானோவின் 12 ஸ்பீடு ரோடு கேசட் 11 ஸ்பீடு ஃப்ரீஹப்பிலேயே ஏறுவது நல்ல செய்தி. போட்டி நிறுவனமான ஸ்ராமின் 12 ஸ்பீடில் 10 பல்லில் தொடங்கும் கேசட்டுகளுக்கு எக்ஸ்டிஆர் என்ற தனி ஃப்ரீஹப் வேண்டும். மாற்றுச் செலவும் அதற்கேற்ப ஏறும். ஷிமானோ 2023-இல் கொண்டுவந்த க்யூஸ் வரிசைதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. 9, 10, 11 மூன்றுக்கும் ஒரே இடைவெளி, ஒரே கேபிள் இழுவை, தடித்த பற்கள். கேசட் மூன்று மடங்கு உழைக்கும் என்று நிறுவனம் சொல்கிறது. ரோடு சைக்கிளின் வளைந்த கைப்பிடிக்கும் அது வந்துவிட்டதால் கிளாரிஸ், சோரா, டியாக்ராவின் இடத்தை அது எடுத்துக்கொள்ளும்.

அதற்காக இப்போதைய சோராக்காரர்கள் பதற வேண்டியதில்லை. 9 ஸ்பீடு செயினும் கேசட்டும் பல நிறுவனங்கள் செய்வதால் நெடுங்காலம் கிடைக்கும். கிடைக்காமல் போகக்கூடியது லீவர் மட்டுமே. நல்ல நிலையில் ஒரு ஜோடி கண்ணில் பட்டால் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.